கையெழுத்துப் போடும் முன் கேஸ் ஷீட்டைக் கேளுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் எதிர்பாராத மரணம் நேர்ந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது நம்மில் பலருக்கும் தெரியும். உறவினர்கள் உடலை வாங்க மறுத்து வாசலில் அமர்வார்கள். காவல் துறை வரும். ஊர்ப் பெரியவர்கள் நடுவில் நின்று பேசுவார்கள். மாலைக்குள் ஒரு தொகை முடிவாகி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கப்படும். அந்தக் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உள்ளே என்ன நடந்தது என்று அறியும் வாய்ப்பு பெரும்பாலும் அந்தக் கையெழுத்தோடு போய்விடுகிறது.

மருத்துவ அலட்சிய வழக்கு நிற்பதும் விழுவதும் ஆவணங்களால்தான். நோயாளியோ அவருடைய பொறுப்பாளரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதி கூறுகிறது. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. கேஸ் ஷீட் எனப்படும் சிகிச்சைப் பதிவேடு, செவிலியர் குறிப்புகள், மயக்க மருந்துக் குறிப்பு, ஒப்புதல் படிவம் அனைத்தையும் எழுத்து மூலம் கேட்டு, கேட்டதற்கான அத்தாட்சியையும் வைத்துக்கொள்ள வேண்டும். மரணம் என்றால், "உடலை அறுக்க வேண்டாம்" என்ற வேதனை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், பிரேதப் பரிசோதனை இல்லாமல் காரணத்தை நிறுவுவது மிகவும் கடினம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை மக்கள் பெங்களூருக்கும், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி மக்கள் சேலத்துக்கும் சிகிச்சைக்குப் போகிறார்கள். வழக்குக்கும் அங்கேயே அலைய வேண்டும் என்று எண்ணியே பலர் விட்டுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார்க் கட்டணமே கிடையாது. காலக்கெடு 2 ஆண்டுகள். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அது மிக விரைவில் கடந்துவிடும்.

எல்லா மரணமும் அலட்சியம் ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிகிச்சை பலிக்காமல் போவது வேறு, தகுதியுள்ள ஒரு மருத்துவர் காட்ட வேண்டிய சாதாரணக் கவனத்தைக் காட்டாதது வேறு. மருத்துவர் மீது குற்ற வழக்கு தொடர்வதற்குக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் தெளிவாக்கியது. ஆகவே கேஸ் ஷீட்டை இன்னொரு மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்ட பிறகு வழக்கைத் தீர்மானிப்பதே இரு தரப்புக்கும் நேர்மையானது.

அரசு மருத்துவமனை என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் தவறு. சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாததால் பார்வை பறிபோன வழக்கில், உச்ச நீதிமன்றம் 2015இல் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவதில்லை. ஆயினும் உரிமையியல் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் இருக்கின்றன.

தொப்பூர் கணவாய் விபத்துகளில் அடிபட்டவர்களின் குடும்பங்களையும் நினைத்தே இதை எழுதுகிறேன். கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று பேரம் பேசிக் கையெழுத்துக் கேட்பவர்களை நம்ப வேண்டாம். வழக்கறிஞர் அப்படிப் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுவுக்குக் காலக்கெடு 6 மாதம் மட்டுமே. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அதற்கான உதவி எண் 15100. இந்த எண்ணை நம் இரு மாவட்டங்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் அவசரப் பிரிவின் வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.