மரக்கன்று நட்டது போதும், மெஸ் கணக்கைக் கேளுங்கள்

மாணவர்கள் சுற்றுச்சூழலுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்றதும் கல்லூரி நிர்வாகம் முதலில் கையில் கொடுப்பது ஒரு மரக்கன்றைத்தான். அதுவும் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று. கத்திரி முடிந்தும் வெயில் இறங்காத நேரம் அது. சென்னை, கடலூர், நாகைப் பக்கமெல்லாம் நல்ல மழை ஐப்பசியில்தான். பல கல்லூரிகளில் பிள்ளைகள் அப்போது விடுமுறையில் வேறு இருப்பார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் கன்று கருகிவிடும், பெயர்ப்பலகை மட்டும் நிற்கும்.

மாணவர்கள் கைவைக்க வேண்டிய இடம் விடுதி மெஸ் என்பது என் உறுதியான கருத்து.

நான் வேலை பார்க்கும் கல்லூரியில் சில மாணவிகள் ஒரு காரியம் செய்தார்கள். 'உணவை வீணாக்காதீர்' என்று போஸ்டர் ஒட்டவில்லை. தட்டு கழுவும் இடத்தில் மிச்சத்தைக் கொட்டும் நீல டிரம்மைத் தினமும் எடைபோட்டு, எத்தனை கிலோ என்று மெஸ் வாசல் பலகையில் எழுதினார்கள். அவ்வளவுதான். உப்புமா, கிச்சடி நாட்களில் டிரம் நிரம்பி வழியும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. வெள்ளிக்கிழமை இரவு அதைவிட மோசம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்குக் கொட்டப்படுவது தட்டில் மிஞ்சியது இல்லை, கரண்டியே படாத சாதமும் குழம்பும்.

காரணம் எளிது. வெள்ளி மாலை பாதிப் பேர் ஊருக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். சமையல்காரருக்கு யாரும் சொல்வதில்லை. ஏன் சொல்ல வேண்டும்? தொடர்ந்து பல நாள் விடுப்பு எடுத்தால்தான் மெஸ் பில்லில் 'ரெடக்‌ஷன்'. இரண்டு நாளுக்கு ஒரு பைசா குறையாது. பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று திட்டுகிறவர்கள் இந்த விதியைப் பார்க்க வேண்டும். எங்கள் விடுதியில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவு மொத்தத்தையும் பங்குபோட்டு வசூலிப்பார்கள். கொட்டிய சோற்றுக்கும் காசு கொடுப்பது அந்தப் பிள்ளைகள்தான். அப்புறம் கணக்குக் கேட்க அவர்களைவிட உரிமை யாருக்கு இருக்கிறது?

சட்டமும் அவர்கள் பக்கம். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், ஒரு நாளைக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் பல்கலைக்கழகங்களையும் விடுதிகளையும் பெருங்கழிவு உண்டாக்குவோர் பட்டியலில் சேர்த்தன. மட்கும் கழிவை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றும் சொல்லின. நாம் என்ன செய்கிறோம்? சாயங்காலம் பன்றிப் பண்ணை வண்டி வந்து அள்ளிப் போவதோடு கடமை முடிந்துவிடுகிறது.

இதில் எனக்குப் பெரிய கவலை, பிள்ளைகள் மூன்று நான்கு வருடத்தில் போய்விடுவார்கள் என்பது. நிர்வாகம் 'பார்க்கலாம்' என்று இழுத்தாலே போதும், கேட்ட பேட்ச் வெளியே போய்விடும். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இதுதான் நடந்தது. பெட்ரோலிய, நிலக்கரி நிறுவனங்களில் பல்கலைக்கழகம் பணம் போடக்கூடாது என்று 2012-இல் அங்கே மாணவர் வாக்கெடுப்பில் 72 சதவீதம் பேர் சொன்னார்கள். 2013-இல் நிர்வாகம் மறுத்துவிட்டது. 2019-இல் யேல் பல்கலைக்கழகத்தோடு நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் மாணவர்கள் மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நிர்வாகம் ஒருவழியாக இறங்கிவந்தது 2021 செப்டம்பரில். வாக்களித்த பேட்ச் எப்போதோ பட்டம் வாங்கிப் போய்விட்டது, ஆனால் ஜூனியர்கள் விடவில்லை.

எங்கள் மாணவிகளுக்கு இது கடைசி வருடம். அவர்கள் இப்போது கேட்பது இரண்டே விஷயம். முந்தைய நாளே எழுதிக்கொடுத்தால் ஒரு வேளைக்குக்கூட பில்லில் கழிக்க வேண்டும். டிரம் எடையை மெஸ் கமிட்டி தினமும் பதிவேட்டில் எழுத வேண்டும். இரண்டும் விடுதி விதிப்புத்தகத்தில் அச்சாக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறார்கள். நான் முழுக்க அவர்கள் பக்கம்.

உங்கள் விடுதியில் ரெடக்‌ஷனுக்குக் குறைந்தது எத்தனை நாள்? ஒரு வேளைக்கே கழிக்கிற விடுதி எங்காவது இருந்தால் எழுதுங்கள், வார்டனிடம் காட்ட வேண்டும்.