வயதாகாத பெண்களும் விண்வெளி அரக்கர்களும்

வானத்திலிருந்து ஏதோ ஒன்று வந்து இறங்கும். அத்தனை நாட்டு ராணுவமும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். கடைசியில் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்திதான் போய் அடிக்கணும். ஜப்பான்காரர்கள் இந்தக் கதையைப் பல பத்தாண்டுகளாகச் சலிக்காமல் அனிமேயாக, அதாவது அவர்கள் ஊர்க் கார்ட்டூனாக, எடுக்கிறார்கள், நானும் சலிக்காமல் பார்க்கிறேன். எனக்கு இருக்கும் பிராது ஒன்றுதான். இந்தப் பெண்களுக்கு வயதே ஆவதில்லை. எத்தனை போர் வந்தாலும் பதினாறு, மிஞ்சிப்போனால் பதினேழு. ரசிகனுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று ஒரு கணக்கு.

அந்தக் கணக்கையே திருப்பிப் போட்டது 1988-ல் வந்த 'கன்பஸ்டர்'. கைனாக்ஸ் என்ற ஸ்டூடியோவின் தயாரிப்பு. 'இவாஞ்ஜெலியன்' தொடரை எடுத்த ஹிதேயாக்கி அன்னோ முதன்முதலாக இயக்கியது, அதற்கு ஏழு வருஷம் முன்னால். மொத்தம் ஆறே பாகம், டிவிக்கு வராமல் நேராக வீடியோவில் வந்தது.

முதல் பாகத்தைப் பார்த்துவிட்டு யாரும் இதைப் பெரிதாக நினைக்க மாட்டார்கள். ஓகினாவாவில் விண்வெளி விமானிகளைத் தயார் செய்யும் பெண்கள் பள்ளி. கதாநாயகி நொரிக்கோவின் அப்பா விண்வெளிக் கப்பல் தலைவர், விண்வெளி அரக்கர்களிடம் உயிரை விட்டவர். அப்பா பேரைச் சொல்லி முன்னுக்கு வந்தவள் என்று கூடப் படிக்கிறவர்கள் அவளைப் படுத்துவார்கள். பிரம்மாண்ட ரோபோக்கள் மைதானத்தைச் சுற்றி ஓடும், தண்டால் எடுக்கும்! பழைய டென்னிஸ் மங்கா (ஜப்பான் காமிக்ஸ்) ஒன்றை வைத்துச் செய்த கேலி அது.

இரண்டாவது பாகத்தில் விஷயம் மாறுகிறது. அப்பாவின் சிதைந்த கப்பல் ஒளிவேகத்தை நெருங்கிய வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது. பூமியில் வருஷங்கள் போய்விட்டன. அந்தக் கப்பலின் கடிகாரத்திலோ அது அழிந்து இரண்டே நாள். அப்பா உயிரோடு இருக்கலாம் என்று இவள் உள்ளே ஓடுகிறாள். அவர் நின்றிருக்க வேண்டிய கட்டுப்பாட்டு மேடையே பிய்ந்து போயிருக்கிறது. அங்கே நின்ற கொஞ்ச நேரத்துக்கு இவள் கொடுத்த விலை, பூமியில் பல மாதங்கள்.

இதில் கற்பனை என்று எதுவும் இல்லை, ஐன்ஸ்டைன் சொன்னதுதான். வேகம் ஒளியை நெருங்க நெருங்கக் கப்பலில் நேரம் மெதுவாக நகரும். (பிரம்மலோகம் போய்த் திரும்புவதற்குள் யுகங்கள் கழிந்துபோன ரேவதியின் கதை நமக்குத் தெரியும். ஜப்பானில் கடலடி அரண்மனைக்குப் போய் வந்த உரஷிமா தாரோ.)

ஐந்தாவது பாகத்தில் நொரிக்கோ ஊர் திரும்புகிறாள். பள்ளித் தோழி கிமிக்கோவின் கையில் குழந்தை. இவள் இன்னும் பள்ளிப்பெண்தான். ஆறாவது பாகத்தில் இதைவிடக் கொடுமை. ஆரம்பத்திலிருந்து "அக்கா, அக்கா" என்று நொரிக்கோ யார் பின்னாலேயே சுற்றினாளோ அந்தக் கசுமி பூமியில் தங்கிக் கல்யாணம் செய்து, கணவனை இழந்து, நடுவயதை நெருங்கி வந்து நிற்கிறாள். நொரிக்கோ அப்படியே இருக்கிறாள். மற்ற தொடர்களில் பார்க்கிறவனுக்குப் பரிசாகக் கிடைக்கும் அந்த மாறாத இளமை, இங்கே அவளுக்கு விதிக்கப்பட்ட தண்டனை. அரக்கர்கள் யார், எதற்கு வருகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது.

குறையையும் சொல்லணும். குளியல் காட்சி, தேவையில்லாத இடத்தில் போய் நிற்கும் காமிரா, எல்லாம் இதிலும் உண்டு. பின்னால் வந்த பல தொடர்களுக்கு இந்த வியாதியைக் கொடுத்ததே கைனாக்ஸ்தான் என்பேன். 'அந்தக் காலம் அப்படி' என்று சப்பைக்கட்டு கட்ட எனக்கு மனமில்லை. அதே 1988-ல் வந்த 'டொட்டோரோ'வில் மூத்தவள் சட்சுகிக்குக் குரல் கொடுத்தவரும், இந்த நொரிக்கோவுக்குக் குரல் கொடுத்தவரும் ஒருவரே, நொரிக்கோ ஹிதாக்கா. அங்கே ஒரு சிறுமியை எவ்வளவு மரியாதையாகக் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கடைசிப் போருக்கு வியாழன் கிரகத்தையே நசுக்கிக் கருந்துளை குண்டாக்குகிறார்கள். அந்தப் பாகம் கறுப்பு வெள்ளையில் ஓடுகிறது. வேலையை முடித்துவிட்டு இருவரும் திரும்பும்போது பூமியில் 12,000 ஆண்டுகள் கழிந்துவிட்டன. வரவேற்க ஆள் இருந்ததா இல்லையா என்பதை நான் உடைக்கப் போவதில்லை.

2008-ன் 'ஸ்ட்ரைக் விட்சஸ்' பக்கமும் ஒரு நல்ல யோசனை இருந்தது. இருபது வயதை நெருங்கினால் சூனியக்காரிகளின் சக்தி வடிந்துவிடும். அவர்களில் ஒருத்தியான மியோ சகமோட்டோ அதை மறைத்துக்கொண்டு பறப்பது உண்மையிலேயே நல்ல கதை. ஆனால் கால்சட்டை இல்லாத சீருடையைக் காட்டும் அவசரத்தில் அதை நின்று சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. கன்பஸ்டரின் தொடர்ச்சியாக 2004-ல் தொடங்கிய 'டைபஸ்டர்' இதே பயத்தைப் பெரியவர்கள் ஆகப் பயப்படும் விமானிகளை வைத்துச் சொன்னது, ஓரளவு நன்றாகவே. முதலில் கன்பஸ்டரைப் பாருங்கள், மொத்தமே மூன்று மணி நேரம்தான்.