முடக்குவாதம் கால்சியம் குறைவு அல்ல

'விரல் மூட்டு வீங்கினால் கால்சியம் குறைவுதான். ஆட்டுக்கால் சூப் போதும், மாத்திரையை நிறுத்துங்கள்' என்று ராயபுரம், காசிமேடு பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு, ஆபத்தும்கூட. முடக்குவாதத்தில் நம் நோய் எதிர்ப்புச் செல்களே மூட்டைத் தாக்குகின்றன. அவற்றில் ஒரு வகையான டி செல்களும், வீங்கிய மூட்டுச் சவ்வும் ரேங்க்-எல் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதனால் எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பெருகி, மூட்டோர எலும்பை அரிக்கின்றன. அந்தச் செல்களும் வெள்ளை அணுக்களின் வம்சம்தான்!

சூப் குடியுங்கள், தப்பில்லை. ஆனால் இந்த அரிப்பை அது நிறுத்தாது. மீன் வெட்டும் என் அத்தை இதை நம்பி மூன்று மாதம் மாத்திரையை விட்டார். இப்போது கத்தியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் விறைத்திருந்தால், ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.