எழுத்து ஹீப்ரு என்றால் மொழியும் ஹீப்ருவா?

“பழைய ஹீப்ரு எழுத்துச் சுவடியை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் போதும், பொருள் வந்துவிடும்” என்ற செய்தி சுற்றுகிறது. தவறு. இத்தாலியின் பார்மா நகரில் உள்ள 11ஆம் நூற்றாண்டு மிஷ்னா (யூதச் சட்டத் தொகுப்பு) சுவடியின் குறிப்புகள் ஹீப்ரு எழுத்தில் இருந்தாலும், மொழி தென் இத்தாலியின் சலெந்தோ வட்டாரப் பேச்சு.

லத்தீன் எழுத்துக்கு மாற்றினாலும் சிக்கல் தீராது. பே, யோத், ரேஷ், ஆலெஃப் என்ற நான்கெழுத்தை எடுங்கள். அதை ‘பேரா’ (பேரிக்காய்), ‘பீரா’ (சிதை), ‘ஃபேரா’ (காட்டுவிலங்கு) என மூன்றாகவும் வாசிக்கலாம். யோத் எ, இ இரண்டுக்கும் பொது. பே எழுத்துக்கு மேலே ராஃபே என்னும் சிறு கோடு இருந்தால்தான் ‘ஃப’ என்று உறுதி. கணினியில் தேடலுக்காக உயிர்க்குறிகளை ஒட்டுமொத்தமாக நீக்கும்போது அந்தக் கோடும் போய்விடுகிறது. பலர் சறுக்குவது இங்கேதான்.

சுவடியில் உள்ளபடி ஒரு அடுக்கு, லத்தீன் எழுத்தில் வாசிப்பு இன்னொரு அடுக்கு: இரண்டையும் தனித்தனியே வையுங்கள். முதல் அடுக்கில் கை வைக்காதீர்கள்.