செல்போன் கேமரா வெடிமருந்தை மோப்பம் பிடிக்குமா?

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் நெருங்க, வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: ஆப்பைப் போட்டு, டார்ச்சை எரியவிட்டு, கேமராவைப் பைமேல் காட்டினால் உள்ளே வெடிமருந்து இருப்பதைச் சொல்லிவிடுமாம். பொய்.

ஒளியை வைத்து வெடிமருந்து ஆவியைக் கண்டுபிடிக்கும் கையடக்கக் கருவிகள் உண்டு, சரி. அவற்றுக்கு உயிரே உள்ளே இருக்கும் மெல்லிய பாலிமர் படலம்தான். புறஊதா ஒளி பட்டால் அது மினுங்கும், டி.என்.டி. என்ற வெடிமருந்தின் மூலக்கூறு வந்து ஒட்டினால் மினுக்கம் மங்கும். சாதாரண வெப்பநிலையில் டி.என்.டி. ஆவி காற்றில் நூறு கோடியில் சில பங்குதான் இருக்கும். அதனால் காற்றை உறிஞ்சிப் படலத்தின்மேல் செலுத்த வேண்டும். போனில் படலமும் இல்லை, பம்பும் இல்லை. அப்புறம் எதை மோந்து பார்க்கும்?

வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும் என்று நம்பி ஈராக் சோதனைச் சாவடிகளில் காவலர்கள் பிடித்துக்கொண்டு நின்ற ஏ.டி.இ. 651 கருவியும் வெறும் ஆன்டெனா செருகிய கைப்பிடிதான். விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல் பிரிட்டனில் 10 ஆண்டு சிறை.

ரதவீதியில் கேட்பாரற்ற பை கிடந்தால் போனை அதன்மேல் நீட்டாதீர்கள். விலகி நின்று 112-ஐ அழையுங்கள்.