திறமையைப் பிரித்தால் மட்டும் சமநிலை வந்துவிடாது
கணினி விளையாட்டுகளில் பாத்திரத்தின் துப்பாக்கித் திறமைகளை எத்தனை பிரிவாக்குகிறோமோ, ஆயுதங்களுக்குள் அத்தனை சமநிலை வரும் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 1997இல் வந்த ஃபால்அவுட் விளையாட்டில் சிறிய துப்பாக்கி, கனரகத் துப்பாக்கி, லேசர் போன்ற எனர்ஜி ஆயுதம் என்று மூன்று தனித் திறமைகள். ஆனால் ஆரம்பத்தில் கையில் இருப்பது வெறும் பிஸ்டல். மினிகன் என்ற கனரகச் சுழல்துப்பாக்கியும் லேசரும் கிடைக்க வெகுநேரம் ஆகும். நான் முதல் தடவை ஆசையாகக் கனரகத்தில் திறமைப் புள்ளிகளைக் கொட்டிவிட்டு, குகை எலிகளிடம் கடி வாங்கியதுதான் மிச்சம். 2010இல் அதே வரிசையில் வந்த நியூ வேகஸ் கனரகப் பிரிவையே எடுத்துவிட்டது. மினிகன் சாதாரணத் துப்பாக்கிகளோடும், ஏவுகணை லாஞ்சர் வெடிபொருளோடும் சேர்ந்தன. இதற்கு ஒருவர் 'அப்போ எல்லாத் துப்பாக்கியும் ஒன்றாகிவிடுமே' என்று கேட்டிருக்கிறார். ஆகவில்லை. உடல்வலு போதாதவர் கனமான ஆயுதத்தைத் தூக்கினால் குறி பிசகும். அப்புறம், ஒவ்வொரு தோட்டாவின் சேதத்திலிருந்தும் கவசம் ஒரு அளவைக் கழித்துவிடும். அதனால் சின்னத் தோட்டாவைப் படபடவென்று பொழியும் துப்பாக்கி, தடித்த கவசத்தின் முன்னால் பல்லிளிக்கும். கவசம் துளைக்கும் தோட்டாவை மாற்றிப் போட்டுப் பாருங்கள், அதே துப்பாக்கி வேறு மாதிரி பேசும்.