தாமரை முளைக் கஷாயம் பிபி மாத்திரைக்கு மாற்றா?

“தாமரை விதைக்குள் இருக்கும் பச்சை முளையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் பிபி மாத்திரையே வேண்டாம், சீனர்கள் ஈராயிரம் ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறார்கள். விதை, கிழங்கு எல்லாவற்றுக்கும் இதே குணம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கும் முறையே 1896-இல் இத்தாலியில்தான் வந்தது. பழைய சீன மருத்துவ நூல்களில் பிபி எங்கிருந்து வரும்? அம்மரபில் கசப்பும் குளிர்ச்சியுமான இந்த முளை, ‘இதயச் சூடு’ என்று அம்மரபு சொல்லும் கோளாறு தரும் மனப் படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் உரியது. அளவும் 2 முதல் 5 கிராம்தான். இதிலுள்ள நெஃபரின், லியென்சினின் என்ற வேதிப்பொருட்கள் ஆய்வக விலங்குகளில் அழுத்தத்தைக் குறைத்ததுண்டு. அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் எகிறி, பக்கவாதம்வரை போகலாம்.

எல்லாப் பாகத்துக்கும் ஒரே குணமும் இல்லை. அம்மரபில் விதைப் பருப்பு வயிற்றுப்போக்குக்கு மருந்து; மலச்சிக்கல்காரர்களுக்கு ஆகாது. கிழங்கின் கணு ரத்தப்போக்கை நிறுத்த. சமையலிலோ முளையைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் மூன்கேக் என்ற சீனப் பண்டிகைப் பலகாரத்துக்குப் பூரணம் அரைக்கிறார்கள், கசக்குமே! சீனாவின் ஹூபே மாகாணத்தில் கிழங்கைப் பன்றி விலா எலும்போடு சூப் வைப்பது பிபி மருந்தாக அல்ல, உணவாக.